இடப்பக்கம் இழுக்கும் வண்டி

பிப்ரவரி 3, திங்கள்

புது நோட்டு. முதலில் வரும் வண்டியைப் பற்றி மட்டும் விவரமாக எழுதுவது என் வழக்கம். மற்றவைக்கு இரண்டு வரி போதும்.

முதல் வண்டி லோசனியக்காவுடையது. 1967ஆம் வருடத்து பிரிட்டிஷ் டூ சீட்டர், மோர் நிறம், துணிக் கூரை. அக்காவின் முழுப் பெயர் கமலலோசனி. வயது அறுபத்தேழு. எண்பதுகளில் செம்பாறை எஸ்டேட் மலையேற்றக் கார் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தவர். நான் 1989இல் அவரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பிறகு சிங்காநல்லூரில் தனியாகப் பட்டறை வைத்தபோது, ‘பொன்னுரங்கம் சஸ்பென்ஷன் ஒர்க்ஸ்’ என்று போர்டு எழுதவைத்து, தானே ஏணி பிடித்து மாட்டச் சொன்னவரும் அவர்தான்.

“மார்ச் பதினாறு செம்பாறைல மறுபடியும் ஏத்தறாங்க ரங்கா. பழைய வண்டிக மட்டும். நான் பேர் குடுத்துட்டேன்.”

“ரொம்ப வருசமாச்சுங்களேக்கா.”

“ரோடு அதேதான். இருபத்திரெண்டு வளைவும் அதேதான். வண்டிதான் முன்ன மாதிரி இல்ல. வளைவுல படகு மாதிரி சாயுது. அப்பறம் லெஃப்ட்ல இழுக்குது. அதை நீ பார்க்கோணும்.”

சுற்றிப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் விளிம்பு முழுக்க உராய்ந்திருக்கிறது. இடது கண்ணாடி உடைந்து கூடு மட்டும் நிற்கிறது. பார்க்கிங்கில் எவனோ இடித்துவிட்டான் என்றார். ஜனவரியில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர், பி.பி. என்று கேள்விப்பட்டேன். இப்போது முகம் தெளிவாக இருக்கிறது. நடையும் பழைய நடைதான்.

பிப்ரவரி 5, புதன்

முன்பக்கம் முழுவதும் பிரித்தாயிற்று. பழைய காலத்து ஷாக் அப்சார்பர் நான்கில் இரண்டு எண்ணெய் கக்கியிருக்கின்றன. மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைச் சுத்தியலால் தட்டினால் மண்ணாக உதிர்கின்றன. பின்பக்கத்துப் பட்டா ஸ்பிரிங் இரண்டும் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. இந்த நிலையில் எந்த வண்டியும் சாயும். இழுக்கவும் செய்யும்.

காரணம் கிடைத்துவிட்டது. மனசுக்குத் திருப்தி.

புது ஷாக் அப்சார்பர், குட்டையும் கெட்டியுமான முன் ஸ்பிரிங், சாய்வைத் தடுக்கப் பருத்த ஸ்டெபிலைசர் ராடு, ரப்பருக்குப் பதில் கெட்டிப் பிளாஸ்டிக் புஷ். அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். “சாயாம நிக்கோணும், ஆனா குதிக்கக் கூடாது” என்றார். அவர் கேட்பது எப்போதும் இப்படித்தான் இருக்கும். செய்வதற்கு ஆசையாகவும் இருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

லேத்தில் புஷ் கடைசல். நான்கு தடவை திருத்தினேன். தெருவில் தண்ணீர் வரவில்லை. என் மனைவி தெய்வானை பட்டறைக் குழாயில் நாலு குடம் பிடித்துப் போனாள். ஒரு ஆம்னி வேனுக்கு அலைன்மென்ட்.

பிப்ரவரி 14, வெள்ளி

பட்டா ஸ்பிரிங் வளைத்து வந்துவிட்டது. இடதுக்கும் வலதுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

முடிந்தது. காலையில் நீலாம்பூர் பைபாஸில் ஓட்டினேன். எண்பதில் இரண்டு கையையும் எடுத்துவிட்டு எண்ணினேன். இருபத்தைந்து எண்ணும்வரை நூல் பிடித்ததுபோல் போயிற்று. ரவுண்டானாவில் வேகமாகத் திருப்பினேன். சாயவில்லை, குதிக்கவில்லை. இந்தக் கைகளால் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று எனக்கே தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“சாயறது போயிடுச்சு. பிரமாதம். ஆனா லெஃப்ட்ல இன்னும் இழுக்குது ரங்கா.”

“நேத்து நான் ஓட்டறப்ப இழுக்கலீங்களேக்கா.”

“நீ ஓட்டறப்ப இழுக்காது. ஜாஸ்தி வேகம் போகமாட்டே.”

சிரித்தேன். டயராக இருக்கலாம். நாளைக்கு மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

நான்கு டயரும் புதிது. அலைன்மென்ட் மறுபடி பார்த்தேன், இரண்டு தடவை. இன்று நானும் கூட ஏறினேன். அக்கா ஓட்ட, நான் இடது சீட்டில்.

காமராஜர் ரோட்டில் ஒரு சைக்கிள்காரரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டினோம். அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை போலும்; செம்பாறை பதினேழாவது வளைவில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கியது.

“பார்த்தியா, இழுத்துச்சு பார்த்தியா?” என்றார்.

“ஆமாங்க்கா” என்றேன்.

நம் ஊர் ரோடுகள் எல்லாம் மழைத்தண்ணீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிவாகத்தான் போடுவார்கள். கெட்டியான சஸ்பென்ஷனில் அந்தச் சரிவு கூடுதலாகத் தெரியும். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். தெய்வானைக்கு மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். உள்ளே நுழையும்போது இடது தோள் நிலைப்படியில் இடித்தது. பத்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பினார். போகும்போதும் வேறொரு கதவில் இடித்துக்கொண்டார்.

அவர் போனதும் தெய்வானை, “ஏனுங்க, அவங்க தலைய கவனிச்சீங்களா?” என்றாள்.

“தலைக்கென்ன?”

“சோத்தாங்கைப் பக்கம் அழகா வாரியிருக்காங்க. பீச்சாங்கைப் பக்கம் சீப்பே படலை. தூங்கி எழுந்த மாதிரி சிக்கு அப்படியே இருக்குது. பவுடர்கூட ஒரு கன்னத்துலதானுங்க.”

“அவசரத்துல வந்திருப்பாங்க.”

“லோசனியக்காவா? பத்து மணி ரேஸுக்கு ஆறு மணிக்கே பொட்டு வெச்சு ரெடியா நிப்பாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

பெண்கள் கவனிக்கிற விஷயங்களுக்குப் பதில் சொல்லி மாளாது. மைசூர்பாகு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 26, புதன்

பட்டறை மேசையில் ஒன்பது ஸ்பேனர் வரிசையாக இருந்தன. பதினேழாம் நம்பரை எடுத்துத் தரும்படி அக்காவிடம் சொன்னேன். அது இடது ஓரத்தில் கிடந்தது. “இங்க இல்லியே” என்றார். ஒரு கை தூரத்தில்தான் இருந்தது.

நானே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 1, சனி

வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை.

இன்று செய்தது: இடது முன் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்முக்கு அடியில் இருந்த ஒரு ஷிம்மை எடுத்து வலது பக்கம் சேர்த்தேன். ஷிம் என்பது மெல்லிய தகடு. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்து நிற்கும். இப்போது கையை விட்டால் வண்டி மெதுவாக வலப்பக்கம் போகிறது.

ஓட்டுகிறவர் கைக்கு ஏற்றபடி வண்டியை அமைப்பது தப்பில்லை. ரேஸ் வண்டிகளில் எல்லாரும் செய்வதுதான். வாடிக்கையாளர் இடப்பக்கம் இழுக்கிறது என்கிறார், சரி செய்திருக்கிறேன்.

இதை வேலைச் சீட்டில் எழுதவில்லை. அதில் அவ்வளவு இடமும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

அக்கா ஓட்டிவிட்டு வந்தார். வண்டியை நிறுத்தியதும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஏதோ ஆகிவிட்டதென்று ஓடினேன்.

“ரங்கா! இதான். இதேதான் வேணும்னேன். கிளி மாதிரி கைல உக்காந்திருக்குது வண்டி.”

அவர் கண்ணில் தண்ணீர். முப்பத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவர் வீட்டுக்காரர் தவறியபோதுகூட.

“ஊர்ல எல்லாரும் எனக்கு என்னமோ ஆயிட்ட மாதிரியே பேசுனாங்க. இப்ப என்ன சொல்வாங்க?”

டீ வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். சூடாக இருந்தது, அதைப் பற்றி இரண்டு பேரும் பேசினோம்.

மார்ச் 5, புதன்

அக்காவின் மகள் ஸ்ரீலேகாவுக்கு ஃபோன் செய்தேன். ஹைதராபாதில் இருக்கிறாள். ஜனவரியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“ஸ்ட்ரோக் ரங்கண்ணா. சின்னதுதான்னு சொன்னார் டாக்டர். கை கால் பேச்சு எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இடது பக்கம் இருக்கறது அவங்களுக்கு விட்டுப்போயிடும், விட்டுப்போகுதுன்னே அவங்களுக்குத் தெரியாதுன்னார். வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதியே குடுத்தார்.”

“அக்கா அதைப் படிச்சாங்களா?”

“படிச்சாங்க. ‘எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே, அவனுக்கென்ன’ன்னு மடிச்சு வெச்சுட்டாங்க. பொய் சொல்லலை ரங்கண்ணா. அவங்களுக்கு நிஜமாவே எல்லாம் தெரியற மாதிரிதான் இருக்கு. நான் சாவிய ஒளிச்சு வெச்சேன். வேற சாவி செஞ்சுக்கிட்டாங்க. அப்பறம் நாலு நாள் என்கூடப் பேசலை.”



“நீங்க சொன்னா கேப்பாங்க” என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, “வண்டிலதான் கோளாறுன்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே. கோளாறு இருந்துச்சா ரங்கண்ணா?”

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

இன்று சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். அக்கா வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் தரையில் செம்பாறை ரோட்டை வரைந்தார். மூன்றாவது வளைவில் ஈரம் இருக்கும், எட்டாவதில் பிரேக்கைத் தொடக் கூடாது, பத்தொன்பதில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வரையும்போது அவருக்கு முப்பது வயது.

“அக்கா,” என்றேன்.

“சொல்லு.”

“பிரேக் எண்ணெய் மாத்திடலாமுங்களா?”

“மாத்திடு.”

மார்ச் 10, திங்கள்

பிரேக் எண்ணெய் மாற்றினேன்.

போட்டி நடத்தும் கிளப்பிலிருந்து காகிதம் வந்திருக்கிறது. ‘இந்த வாகனம் ஓட்டத் தகுதியானது எனச் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே மெக்கானிக் கையெழுத்து. பக்கத்து சீட்டில் வருபவர் என்ற கட்டத்தில் அக்கா என் பெயரை எழுதியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

தெய்வானையிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மேசையில் வைத்தாள். “நீங்க அதுல ஏறுனா நான் பொறந்த வீட்டுக்குப் போயிருவேனுங்க. ஏறாட்டி அவங்க தனியாப் போவாங்க. எதைச் சொல்லட்டும் நான்?” என்றாள்.

காகிதம் இன்னும் அங்கேயே இருக்கிறது. வாகனம் ஓட்டத் தகுதியானதுதான்.

மார்ச் 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரை மணி. அக்கா வண்டியோடு வந்தார். இடது மட்கார்டில் நீலத் தார்ப்பாய் ஒன்று சிக்கி, வாசல் வரை இழுபட்டு வந்திருந்தது. ஹெட்லைட் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“சௌரிபாளையம் வளைவுல அப்படியே ரோட்டோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு ரங்கா!”

பின்னாலேயே பைக்கில் இரண்டு பேர் கத்திக்கொண்டு வந்தார்கள். வளைவில் இளநீர் விற்கும் குப்புராஜின் வண்டியை இடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் வந்திருக்கிறார். அக்கா அவர்களைப் பார்த்து, “யாரப்பா? என்ன?” என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். குப்புராஜ் ரோட்டோரம் உட்கார்ந்து வலது கையைத் தொடையில் வைத்துப் பிடித்திருந்தார். இளநீர்க் குலைகள் சாக்கடைவரை உருண்டு கிடந்தன. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. மணிக்கட்டு உடைந்திருக்கிறது, கழுத்தெலும்பில் விரிசல். அவருடைய மனைவி வந்து சேரும்வரை இருந்தேன். அந்த அம்மா என்னை டிரைவர் என்று நினைத்துக்கொண்டு, “பார்த்து ஓட்டக் கூடாதுங்களா?” என்று கேட்டார். 

திரும்பி வரும்போது மணி ஒன்றே கால். அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

“பிரேக் புடிக்கறப்ப லெஃப்ட்ல இழுத்திருக்குது ரங்கா. எண்ணெய் மாத்துனியே, காத்து நின்னுடுச்சா?”

நான் அவர் கையைப் பிடித்து வண்டியின் முன்னால் கூட்டிப்போனேன். இத்தனை வருடத்தில் அவர் கையை நான் பிடித்ததில்லை. அந்தக் கையை எடுத்து இடது மட்கார்டின் நசுங்கலில் வைத்தேன். விரல்கள் மெதுவாக நகர்ந்தன. உடைந்த ஹெட்லைட் கூட்டைத் தொட்டன. பிறகுதான் அவர் கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது வந்தது.

“வண்டில ஒண்ணுமில்லீங்க்கா. போன மாசம் பதினேழாந்தேதியே ஒண்ணுமில்ல. நான் ஓட்டிப் பார்த்தேன். நூல் மாதிரி போச்சு.”

“பொறகு ஏன் இழுக்குதுன்னே?”

“இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க.”

“மூணாந்தேதி சரியா வந்துச்சே?”

“வலப்பக்கம் இழுக்கற மாதிரி நான்தான் மாத்தி வெச்சேனுங்க. உங்களுக்குச் சரியாத் தெரியட்டும்னு.”

அவர் மட்கார்டில் இருந்த கையை எடுக்கவில்லை. குரல் உயரவும் இல்லை.

“டாக்டர் சொன்னான், லேகா சொன்னா. நான் நம்பலை. ஏன் தெரியுமா? ரங்கா வண்டிலதான் கோளாறுன்னு சொல்லியிருக்கான், அவன் வண்டி விசயத்துல பொய் சொல்ல மாட்டான்னு. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.”

ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னார். ஏறும்போது இடது கால் படியில் தட்டியது. நான் பிடிக்கப் போனேன். “வேண்டாம்” என்றார்.

மார்ச் 13, வியாழன்

அக்கா தானே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். லைசென்ஸையும் மேசையில் வைத்துவிட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எழுதிய காகிதத்தைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி வெறும் வெள்ளை.

இன்ஸ்பெக்டர் என்னிடம் வண்டியில் கோளாறு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஷிம் பற்றி யாரும் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பட்டறை விடுமுறை. செம்பாறையில் நல்ல வெயிலாம்.

மார்ச் 22, சனி

குப்புராஜைப் பார்க்கப் போனேன். அதே வளைவில் கடை போட்டிருக்கிறார்கள். அவர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்க, மனைவி இளநீர் வெட்டுகிறார். அந்த அம்மாவுக்கு அரிவாள் பிடி இன்னும் வசமாகவில்லை. ஒவ்வொரு காய்க்கும் ஐந்தாறு வெட்டு விழுகிறது.

“அந்தம்மா ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போச்சுங்க” என்றார் குப்புராஜ். “ஒரு பக்கம் பார்வையே இல்லியாமா. பாவம், வேணும்னா இடிச்சாங்க? அவங்களுக்கே தெரியாதுங்களே.”

“ஆமாங்க,” என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த அம்மா ஒரு இளநீரை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டார். குடித்தேன். குடித்த பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் கூரைத் துணி கிழிந்திருந்தது. பட்டறையிலிருந்து ஒரு நல்ல தார்ப்பாய் கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தேன். கட்டும்போதும் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

மட்கார்டு தட்டி வண்ணம் அடித்தாயிற்று. ஷிம்களைப் பழையபடி மாற்றினேன். நீலாம்பூர் பைபாஸில் கையை விட்டுப் பார்த்தேன். நேராகப் போகிறது.

அக்காவிடமிருந்து தகவல் இல்லை. வேலை முடிந்தது என்று ஸ்ரீலேகாவுக்குச் செய்தி அனுப்பினேன். ‘சரி’ என்று பதில்.

ஏப்ரல் 2, புதன்

இன்று பட்டறையில் ஒன்பது வண்டி. எதிலும் மனசு நிற்கவில்லை. ஒரு ஸ்கார்பியோவுக்குச் சக்கர நட்டை முடுக்காமல் விட்டுவிட்டு, வாசலில் பிடித்து நிறுத்தினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஆறரைக்கு ஃபோன்.

“ரங்கா, வண்டி ரெடியா?”

“ரெடிங்க்கா.”

“எடுத்துட்டு வா. செம்பாறைக்குப் போலாம். நீ ஓட்டு.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். வாசலில் தயாராக நின்றிருந்தார். தலையை யாரோ நன்றாக வாரிவிட்டிருந்தார்கள். சுற்றிவந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. “கெளம்பு” என்றார். சேர்த்துவைத்த வார்த்தைகள் போய்விட்டன.

அடிவாரத்தில் எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். ஏறும்போது பள்ளத்தாக்கு வலப்பக்கம். என்னைத் தாண்டி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தேயிலைப் பேக்டரி, அதன் சிவப்புத் தகரம், கீழே வெள்ளிக் கம்பிபோல் ஓடை, ஒரு காலத்தில் போட்டி பார்க்கக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் புல்மேடு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார். மூன்றாவது வளைவில் ஈரம் இருந்தது. எட்டாவதில் நான் பிரேக்கைத் தொட்டேன். நாக்கால் ‘ச்’ கொட்டினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பதினாலாவது வளைவு தாண்டியதும், “இங்க ஒரு மாதா சொரூபம் இருக்குமே. பாறையக் குடைஞ்சு உள்ளாற வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு ரேஸுக்கும் நான் இங்க ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவேன். எடுத்துட்டாங்களா?”

அவருடைய இடது தோளுக்கு ஒரு முழத் தூரத்தில்தான் அது கடந்து போயிருந்தது. நீலச் சேலை, புதிதாக அடித்த வெள்ளை, காகிதப் பூமாலை.

பழைய ரங்கனாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். மழையில் சரிந்திருக்கும், ரோடு அகலப்படுத்தியிருப்பார்கள்.

“இருக்குங்க்கா. இப்பத்தான் தாண்டுனோம். உங்க லெஃப்ட்ல.”

அவர் மடியில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். அப்புறம் இருபத்திரண்டாவது வளைவு வரை பேசவே இல்லை. நானும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். வண்டி அருமையாகத் திரும்பியது. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

உச்சியில் டீக்கடை. டம்ளரை வலது கையில் கொடுத்தேன்.

“தேடணும்னு டாக்டர் சொல்றான்” என்றார். “கழுத்தத் திருப்பித் திருப்பித் தேடணுமாம். இல்லாததைத் தேடலாம் ரங்கா. இல்லைன்னே தெரியாததை எப்படித் தேடறது?”

“பார்க்கலாமுங்க்கா” என்றேன். என்ன பார்க்கலாம் என்று அவரும் கேட்கவில்லை.

“உம்மேல கோவம் போகலை,” என்றார். “போகுமான்னும் தெரியலை. ஆனா வேற யாரு இந்த ரோட்டுல என்னைக் கூட்டிட்டு வருவா?”

இறங்கும்போது மலைப்பக்கம் வலதில் வந்தது. பதினாலாவது வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். சட்டென்று என் கையைத் தட்டினார்.

“அதோ! அதோ இருக்கு பாரு. நிறுத்து, நிறுத்து.”

ஓரமாக நிறுத்தினேன். இறங்கி ரோட்டைக் கடந்து நடந்தார். நான் அவருடைய இடது பக்கமாகக் கூடவே நடந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் அவருக்குத் தெரியாது. சொரூபத்தின் முன்னால் நின்று கும்பிடவெல்லாம் இல்லை. பாறையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார், வண்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல. பிறகு திரும்பி வந்து, கதவைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். உதவவில்லை. வேண்டாம் என்பார் என்று தெரியும்.

மெதுவாகவே இறங்கினேன். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்: பாறையில் செதுக்கிய மைல்கல், குதிரை லாயம், முளைப்பாரிபோல் அடர்ந்த பாசி, அந்தக் காலத்தில் அவர் வண்டி தேய்த்த சுவர். ஏறும்போது அவருக்கு இல்லாமல் போனவை எல்லாம். எஸ்டேட் பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. இந்த ரோட்டில் அவர் யாருக்கும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

“விட்டுடு ரங்கா, போகட்டும்” என்றார்.

ஒதுங்கி நின்றேன். பஸ் போயிற்று. புழுதி அடங்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினோம்.